தாய்மாமன் போட்ட ஊதா லைட்

கட்கி, புனே
ஞாயிற்றுக்கிழமை காலை

பாசம் இருக்கிறதோ இல்லையோ, முறை என்று ஒன்று இருப்பதால், சிரஞ்சீவி மைத்துனன் பவுன்ராஜுக்கு அக்கா புருஷன் துரைசாமி ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அக்கா சரசாவும் நிறைமாதமாக இருக்கும் ப்ரீதியும் நலம். அங்கு நீயும் உன் பெண்சாதியும் பிள்ளைகளும், வாணியம்பாடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் நீ நடத்துகிற கார் அலங்காரக் கடையும் நலமாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். கடை மட்டும் கொஞ்சம் நலமில்லாமல் போனால் அம்மன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

நிற்க. கையில் போன் இருக்கும்போது இந்த ஆள் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நீ இளிப்பாய். இளிக்காதே. பதினோரு தடவை போன் போட்டுவிட்டேன். எடுத்தால் "மாமா, கடையில கூட்டம், சாயங்காலமா பேசறேன்" என்கிறாய். எந்த சாயங்காலம் என்று சொன்னதில்லை. வாட்ஸ்அப்பில் திட்டி அனுப்பினால் இரண்டு கையையும் கூப்புகிற படம் ஒன்று வருகிறது. அதனால்தான் ஸ்பீட் போஸ்ட். கையெழுத்துப் போட்டு வாங்கு. வெடிமருந்து ஃபாக்டரியில் முப்பத்து நாலு வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷனில் வேலை பார்த்தவன் நான். எழுத்தில் கொடுத்தால்தான் எனக்குக் கொடுத்த மாதிரி இருக்கும்.

விஷயம் இதுதான். என் காருக்கு நீ மாட்டிவிட்டுப் போன கலர் லைட்டுகளை நீயே வந்து கழற்ற வேண்டும். டாக்டரம்மா ப்ரீதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் என்று தேதி கொடுத்திருக்கிறார். அதற்கு முன்னால் கழற்ற வேண்டும். என் மகளை என் வண்டியில் நான்தான் ஓட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். தலைப்பிரசவம் தாய்வீட்டுப் பொறுப்பு. ப்ரீதி பிறந்தபோது உன் அக்காவை ஏற்றிக்கொண்டு போன ஆட்டோ தாபோடி பாலத்து மேல் நின்றுபோய், ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நான் தள்ளிக்கொண்டு போனேன். உன் அக்கா உள்ளே இருந்து கத்துகிறாள், ஆட்டோக்காரன் என்னைப் பார்த்து "ஜோர் லகாவ், அண்ணா" என்று இன்னும் பலமாகத் தள்ளச் சொல்கிறான். அன்றைக்கே முடிவு செய்தேன், என் பெண்ணுக்கு ஒரு காலம் வந்தால் என் சொந்த வண்டியில் ராணி மாதிரி கூட்டிப்போவேன் என்று. மாப்பிள்ளை பிரணவுக்கு பைக் மட்டும்தான் ஓட்டத் தெரியும். "வாடகை வண்டி புக் பண்ணிக்கலாம் மாமா" என்கிறார். என் வீட்டு வாசலில் என் வண்டி நிற்கும்போது என் மகள் எதற்கு வாடகை வண்டியில் போக வேண்டும்? கேட்கிறவன் சிரிக்க மாட்டானா?

ஆனால் அந்த வண்டியைத்தான் இப்போது வெளியே எடுக்க முடியாமல் செய்துவிட்டாய், மகராசா.

போன மாதம் வளைகாப்புக்கு வந்தாய். வாயெல்லாம் பல்லாக வந்தாய். பதினோரு சீர்த்தட்டு கொண்டு வந்தாய், நான் இல்லையென்று சொல்லவில்லை. பழம், புடவை, வளையல், ஐந்து வகைச் சோறு, எல்லாம் குறையில்லாமல் இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம் இல்லையா? காலையிலேயே "மாமா, வண்டி அழுக்கா கீது, கழுவிகினு வர்றேன், சாவி குடு" என்றாய். பிள்ளைக்கு இவ்வளவு பொறுப்பு எப்போது வந்தது என்று நானும் நம்பிக் கொடுத்தேன். மத்தியானம் மண்டப வாசலில் கொண்டு வந்து நிறுத்துகிறாய். முன்னால் இரண்டு கண்ணும் ஊதா, இங்க் மாதிரி நீலம். பின்னால் சிவப்பு லைட் இருந்த இடத்தில் கருப்புத் தாள் ஒட்டி, உள்ளே எரிகிறதா அணைந்திருக்கிறதா என்று கடவுளுக்கே தெரியாதபடி செய்திருக்கிறாய். வண்டியின் வயிற்றுக்கு அடியில் பச்சை ட்யூப். பிரேக்கை அழுத்தினால் நம்பர் பிளேட்டைச் சுற்றி என்னவோ ஓடுகிறது. கேட்டால், "தாய்மாமன் சீரு மாமா, என் கடைச் சரக்குலயே இதுதான் உசத்தி" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் மாலையைப் போட்டு, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து, உன் அக்காவைக் கூப்பிட்டு ஆரத்தியும் எடுக்க வைத்துவிட்டாய். நானூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சம்பந்தி வேறு நிற்கிறார். அவர் பேங்கில் மேனேஜராக இருந்து ரிடையர் ஆனவர், அதிர்ந்து பேசாதவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நல்லா பளிச்சுனு இருக்கு" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது.

சட்டம் என்று ஒன்று இருப்பது உனக்குத் தெரியுமா தெரியாதா? முன்னால் வெள்ளை, இல்லையென்றால் இளமஞ்சள். பின்னால் சிவப்பு. திரும்புகிற லைட் ஆரஞ்சு. கம்பெனிக்காரன் எந்த நிறத்தில் கொடுத்தானோ அந்த நிறத்தை மாற்ற உனக்கும் அதிகாரம் இல்லை, எனக்கும் இல்லை. எதிரில் வருகிறவனுக்கு இது வருகிற வண்டியா போகிற வண்டியா என்று நிறத்தைப் பார்த்துத்தான் தெரிய வேண்டும். இதை நான் அன்றைக்கே மண்டபத்தில் சொன்னேன். "அட போ மாமா, எங்கூர்ல எல்லாரும் போட்டுகினுதான் ஓட்றான், எவன் கேக்கறான்?" என்றாய். உங்கள் ஊரில் கேட்காவிட்டால் போகட்டும், இது புனே. இங்கே கேட்பான். போதாக்குறைக்கு நீ விட்டுப்போன காலி டப்பாவில் பொடி எழுத்தில் என்னவோ அச்சடித்திருந்தது. ப்ரீதியைப் படிக்கச் சொன்னேன். ரோட்டில் உபயோகிக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறதாம்! ரோட்டில் இல்லாமல் காரை வேறு எங்கேடா ஓட்டுவது, உன் வீட்டுக் கூடத்திலா?

மூன்றாம் நாளே கேட்டான். போபோடி சிக்னல், சாயங்காலம் ஆறரை மணி. டிராஃபிக் ஹவல்தார் கையைக் காட்டி ஓரம் கட்டச் சொன்னான். என் மகள் வயசுதான் இருக்கும் அவனுக்கு. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். குனிந்து பச்சை ட்யூபைப் பார்த்தான். நிமிர்ந்து என் நரைத்த தலையைப் பார்த்தான். "காகா, வராத் குடே ஆஹே?" என்றான். பெரியவரே, கல்யாண ஊர்வலம் எங்கே என்று கேட்கிறான், பவுன். அறுபத்து மூன்று வயசில் நெற்றியில் விபூதியோடு உட்கார்ந்திருக்கிற என்னைப் பார்த்து! நான் எனக்குத் தெரிந்த மராட்டியில், இது நான் போட்டது இல்லை, என் பெண்சாதியின் தம்பி சீராகச் செய்தது, எங்கள் ஜாதி சனத்தில் தாய்மாமன் சீரை மறுக்க முடியாது என்று எல்லாம் எடுத்துச் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டான், நல்ல பையன். கேட்டுவிட்டு, போனில் முன்னால் ஒரு போட்டோ, பின்னால் ஒரு போட்டோ பிடித்தான். வீட்டுக்கு வந்து சேருவதற்குள் என் போனில் சலான் வந்துவிட்டது. முப்பத்து நாலு வருஷ சர்வீஸில் ஒரு மெமோ வாங்காதவன் நான். தலைமுடி அளவு கீறல் இருந்தாலும் சரக்கைத் திருப்பி அனுப்பிய இந்தக் கையால் அபராதம் கட்ட வேண்டுமா? 

சரி, கழற்றித் தொலைப்போம் என்று மறுநாள் போசரியில் எனக்குத் தெரிந்த எலெக்ட்ரீஷியன் ஷிண்டேயிடம் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். உன் அக்கா எப்படி மோப்பம் பிடித்தாளோ, பின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டாள். "எங்க போற?" என்றாள். காற்று அடிக்கப் போகிறேன் என்றேன். "நானும் காத்து வாங்கறேன்" என்றாள். ஷிண்டே திருப்புளியை எடுத்துக்கொண்டு முன்னால் குனிந்ததும் ஆரம்பித்தாள் பார், போசரி எஸ்டேட் முழுக்கச் சைரன் ஊதின மாதிரி. "எம் தம்பி செஞ்ச சீரு. வயித்துப்புள்ளக்காரிக்குச் செஞ்ச சீரு. அத்தக் கழட்டி எறிஞ்சா புள்ளக்கி ஆவுமா? கழட்டணும்னா என்ன மொதல்ல வண்டியிலருந்து கழட்டு" என்கிறாள். ஷிண்டேவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவனுக்கும் வீட்டில் பெண்சாதி இருக்கிறாள் இல்லையா, அதனால் விஷயம் புரிந்துவிட்டது. திருப்புளியைப் பையில் போட்டுக்கொண்டான். காகி, அதாவது உன் அக்கா, எப்போது இறங்குகிறாரோ அப்போது வாருங்கள் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். உன் அக்கா அதற்கப்புறம் நாலு நாள், நான் சாவியை எடுக்கிற சத்தம் கேட்டால் போதும், வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஒருநாள் கீரை ஆய்கிற முறத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

கழற்றக் கூடாது என்றால் மூடலாம் இல்லையா? அதற்கு உன் அக்காவிடம் தடை இல்லை. நானும் யோசித்தேன். சட்டத்தில் இளமஞ்சளுக்கு அனுமதி இருக்கிறது. பூக்கடையில் பூங்கொத்து சுற்றுகிற மஞ்சள் கண்ணாடித் தாளை வாங்கி வந்து, அளவு எடுத்து, வெட்டி, இரண்டு லைட்டிலும் சுருக்கம் இல்லாமல் ஒட்டினேன். வேலை சுத்தம், அதில் குறை சொல்ல முடியாது. சாயங்காலம் சுவிட்சைப் போட்டேன். நீ போட்ட ஊதாவும் நான் ஒட்டிய மஞ்சளும் சேர்ந்து பச்சையாகிவிட்டது! ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தோன்றவில்லை, கோபத்தில் மூளை எங்கே வேலை செய்கிறது? கீழேயும் பச்சை, முன்னாலும் பச்சை. இருட்டுவதற்குள் போய் மாத்திரை வாங்கி வந்துவிடலாம் என்று அப்படியே கிளம்பினேன். அதே போபோடி சிக்னல். அதே ஹவல்தார். தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து நிற்கிறான். போட்டோவைப் பிடித்து முடித்துவிட்டு, ஜன்னல் பக்கம் குனிந்து, ரொம்ப மரியாதையாக, "உத்யா கொணதா ரங், காகா?" என்று கேட்டான். நாளைக்கு என்ன கலர் என்று கேட்கிறான்! பக்கத்து ஆட்டோவில் இருந்த பொம்பளைகள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் உனக்கு நன்றி சொல்லியிருப்பேன்.

இதோடு முடிந்ததா? பின்னால் நீ ஒட்டிய கருப்புத் தாளால், நான் பிரேக் போட்டது தெரியாமல் ஒரு டெம்போக்காரன் பம்பரில் வந்து முட்டினான். இறங்கிச் சண்டைக்குப் போனால், "லைட்டை மறைத்து வைத்துக்கொண்டு என்னைக் கேட்கிறாயா" என்று அவன் என் மேல் பாய்கிறான். அவன் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. பச்சை ட்யூப் வெளிச்சத்தில் கண் கூசி, எங்கள் குடியிருப்பு சொசைட்டி கேட் தூணில் இடது பக்கத்தை நானே ஒரு தடவை தேய்த்தேன். சொசைட்டி சேர்மன் எழுத்தில் கேட்டிருக்கிறார். இருபத்திரண்டு வருஷமாக அந்தத் தூண் அங்கேயேதான் நிற்கிறது, ஒருநாளும் நான் தொட்டதில்லை. எல்லாம் உன் புண்ணியம்.

நேற்று ஹவல்தார் தெளிவாகச் சொல்லிவிட்டான். வண்டியில் போகவில்லை, நடந்து போய்த்தான் அவனைப் பார்த்தேன். மகளுக்குப் பிரசவம், ஒரே ஒருநாள் கண்டுகொள்ளாமல் விடப்பா என்று கேட்கத்தான் போனேன். டீ வாங்கிக் கொடுத்தான். அவன் அக்காவுக்கும் இப்போதுதான் குழந்தை பிறந்ததாம். ஆனால் இன்னொரு தடவை இந்த லைட்டோடு பார்த்தால் வண்டியை ஸ்டேஷனுக்கு எடுத்துப்போவதைத் தவிர வேறு வழியில்லை, என் மேல் வருத்தப்படாதீர்கள் என்று கும்பிட்டான். நான் எப்படி வருத்தப்படுவது? அவனிடத்தில் நான் இருந்தால் முதல் நாளே ரிஜெக்ட் ஸ்டாம்பு குத்தியிருப்பேன். யோசித்துப் பார், பாவி. என் மகள் வலியோடு பின் சீட்டில் இருக்கும்போது வண்டியை நடு ரோட்டில் பிடித்து வைத்தால் என்ன ஆகும்? இந்தத் தடவை காரைத் தள்ளச் சொல்கிறாயா?

உன் அக்காவிடம் நேற்று ராத்திரி கெஞ்சியே கேட்டுவிட்டேன். கடைசியில் ஒரு வழி சொன்னாள். சீர் செய்தவன் கையாலேயே கழற்றினால் தோஷம் இல்லையாம். ஆகையால் உத்தரவு போடுகிறேன், கேட்டுக்கொள். இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றைக்கே காட்பாடியில் ரயில் ஏறு. திருப்புளியும் பழைய லைட்டுகளும் கொண்டு வா, அவற்றை விற்றுத் தொலைத்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். வந்து கழற்று. கழற்றிய கையோடு அடுத்த ரயிலுக்குத் திரும்பிப் போ. என் வீட்டில் சோறு கிடையாது, தண்ணீர் வேண்டுமானால் வாசல் குழாயில் வருகிறது. குழந்தைக்குப் பேர் வைக்கிற அன்றைக்கும் நீ வர வேண்டாம். தொட்டில் சீர் என்று சொல்லிக்கொண்டு தொட்டிலுக்கு அடியில் எதையாவது எரியவிட்டுப் போவாய். ஜென்மத்துக்கும் உன் கை என் வண்டி ஸ்டியரிங்கில் படக் கூடாது, மூதேவி.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். உன்னைக் கட்டிக்கொண்டு அவதிப்படுகிற தங்கச்சிக்கு என் அனுதாபம். நீயும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், ஆனால் வாணியம்பாடியிலேயே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கொடுத்த ஆசீர்வாதத்தைத் திரும்ப வாங்குகிற முறை இல்லாததால் சும்மா விடுகிற
உன் மாமா,
துரைசாமி

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன்னால் ப்ரீதி எடுத்துப் படித்துவிட்டாள். அவளுக்குத் தமிழ் எழுத்து கூட்டித்தான் படிக்க வரும், உனக்குத் தெரியுமே. சோபாவில் சாய்ந்துகொண்டு, ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துச் சத்தமாகப் படித்தாள். ஹவல்தார் கலர் கேட்ட இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உன் அக்கா பயந்துபோய் எழுந்து வந்தாள். கடைசிப் பத்தியில் "மூ... தே... வி" என்று கூட்டி முடித்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"அப்பா, மாமா மேல குஸ்ஸா பண்ணாதீங்க, திட்டாதீங்க. லைட் போடச் சொன்னது நான்தான்" என்றாள்.

ஏழாம் மாதம் செக்கப்புக்குப் போய்விட்டு நாசிக் பாட்டா வழியாகத் திரும்பினோம். சாயங்காலம், தூறல். முன்னால் ஒரு லாரி நின்றது. ப்ரீதி "அப்பா!" என்று அலறினாள், நான் பிரேக்கை மிதித்தேன். ஒரு சாண் இடைவெளியில் வண்டி நின்றது. பின்னால் லைட் போடாமல் நடு ரோட்டில் நிறுத்தியிருக்கிறானே என்று அந்த டிரைவரை இறங்கிப் போய்க் கிழி கிழியென்று கிழித்துவிட்டு வந்தேன். இது உனக்கும் தெரியும், போனில் பெருமையாகச் சொன்னேன்.

"லாரியில லைட் எரிஞ்சுதுப்பா. ரெண்டு லைட்டும் எரிஞ்சுது. உங்களுக்குத்தான் தெரியல" என்றாள்.

அப்பாவிடம் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார், கண் டாக்டரிடமும் வர மாட்டார், வண்டியையும் விட மாட்டார் என்று யோசித்து உனக்குப் போன் செய்தாளாம். இருக்கிறதிலேயே வெளிச்சமான லைட்டைப் போட்டுவிடுங்கள் மாமா, ஆனால் அப்பாவுக்குக் கண் சரியில்லை என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், அவர் மனசு தாங்காது என்று உன்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாளாம். நீ இவ்வளவு திட்டு வாங்கியும் சொல்லவில்லை. பதினோரு போனுக்கும் சொல்லவில்லை.

அந்த லாரியை இப்போது நினைத்துப் பார்த்தாலும் எனக்கு இருட்டாகத்தான் தெரிகிறது. இந்தக் கண்ணை நம்பித்தான் என் பிள்ளையையும் அவள் பிள்ளையையும் உட்கார வைத்து ஓட்டியிருக்கிறேன். ப்ரீதி நாளைக்கே கண் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்கிறாள். சரி என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் ஒன்று. அவள் வெளிச்சம்தான் கேட்டாள். ஊதாவும் பச்சையும் நம்பர் பிளேட்டைச் சுற்றி ஓடுகிற அந்தக் கர்மமும் உன் சொந்தப் புத்தி. அதற்காக மேலே எழுதிய அத்தனை திட்டும் அப்படியே நிற்கிறது, ஒரு எழுத்துக் குறைக்க மாட்டேன்.

ரயில் ஏறி வா. லைட்டைக் கழற்று, வெள்ளையைப் போடு. போட்டுவிட்டுத் திரும்பிப் போகாதே. உன் அக்கா மாடி அறையைக் கூட்டிக்கொண்டிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றைக்கு நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வழி சொல்கிறேன். உன் லைசென்ஸை மறக்காமல் எடுத்து வா, பவுன். என்னுடையதை ப்ரீதியிடம் கொடுத்துவிட்டேன்.